தராசும் கடிகாரமும் பெற்ற பிள்ளை

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அங்கே பேசியதையும், பேச நினைத்து விட்டுப்போனதையும் சேர்த்து இந்த மலருக்கு எழுதித் தந்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படிக்கிற பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சியும் ஆகும். நான் சொல்ல வந்ததும் உங்கள் காதில் விழும்.

ஏன் இந்தத் தலைப்பை எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகன் நான்காம் ஆண்டு. வாய்ப்பாடு வராது. ஏழாம் வாய்ப்பாட்டில் போய் நின்றுகொள்வான். "கொஞ்சம் வீட்டிலே சொல்லிக் குடுங்க அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏன் சார், இப்பதான் எல்லாக் கணக்கையும் மெசினே போட்டுடுதே. கையிலே போன் இருக்கு. எம் மவன் வாய்ப்பாட்ட மனப்பாடம் பண்ணி என்னா ஆகப்போவுது?"

நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது சட்டென்று பதில் வரவில்லை. நான் பெரிய பட்டதாரி அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று இந்தத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணக்குப் போடும் இயந்திரத்தை உலகத்துக்கே விற்ற ஒரு பெரிய கம்பெனியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தக் கம்பெனியின் பெயர் ஐ.பி.எம். அந்தத் தகப்பனாருக்கு நான் தர வேண்டிய பதில் அதன் கதைக்குள்ளேயே இருந்தது.

தலைகளை எண்ணிய கதை

அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும். நம் நாட்டிலும் நடக்கிறது. வீட்டுக்கு வந்து எத்தனை பேர், என்ன வயது, என்ன தொழில் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள் அல்லவா, அதே வேலைதான். 1880ஆம் ஆண்டு அவர்கள் எடுத்த கணக்கைக் கையால் கூட்டிப் பிரித்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மக்களோ பெருகிக்கொண்டே போகிறார்கள். இப்படியே போனால் ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும் என்ற நிலை.

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஹெர்மன் ஹாலரித் என்னும் இளைஞர். 1860இல் பிறந்தவர்; ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாள் ரயிலில் போகும்போது, டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டில் துளை போடுவதைக் கவனித்தார். சும்மா ஒரு துளை அல்ல. பயணி உயரமா குட்டையா, தலைமுடி என்ன நிறம் என்பதை எல்லாம் துளை போடும் இடத்தை வைத்தே குறித்தார்கள். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் வைத்துக்கொண்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஹாலரித் மனத்தில் பொறி தட்டியது. ஓர் ஆளைப் பற்றிய விவரங்களை ஓர் அட்டையில் துளைகளாகப் போட்டுவிட்டால் என்ன?

மாணவர்களே, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று கேளுங்கள். அறிவியல் பாடத்தில் பேட்டரியும் விளக்கும் வைத்து மின்சுற்றுச் செய்தோமே, அதேதான். அட்டையை இயந்திரத்தில் வைத்து மேல் மூடியை அழுத்தினால், வரிசையாக உள்ள ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்க் கீழே உள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். தொட்டதும் மின்சுற்று மூடும். கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஒன்று நகரும். ஆண் என்றால் ஒரு முள், பெண் என்றால் இன்னொரு முள். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த இயந்திரங்களை வைத்து எண்ணினார்கள். 6 கோடியே 26 இலட்சம் மக்கள் என்ற மொத்தத் தொகை சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. 1896இல் ஹாலரித் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்.

நமக்குத் தெரிந்த மூன்று கருவிகள்

இனிமேல் வருவதைத் தோட்டத்துப் பெரியவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

1911இல் சார்லஸ் ஃபிளின்ட் என்ற வணிகர் சில கம்பெனிகளை ஒன்றாக இணைத்தார். ஒன்று, ஹாலரித்தின் எண்ணும் இயந்திரக் கம்பெனி. இன்னொன்று, தொழிலாளி வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அட்டையில் அடித்துப் பதியும் கடிகாரம் செய்த கம்பெனி. மற்றொன்று, கடையில் பொருளை நிறுத்து அதன் விலையையும் சேர்த்துக் காட்டும் தராசு செய்த கம்பெனி. இறைச்சி நறுக்கும் கருவிகூட விற்றார்கள். இந்தக் கலவைதான் பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று.

எண்ணுவது, நேரம் பார்ப்பது, நிறுப்பது. இந்த மூன்றையும் நமக்கு யாராவது புதிதாகச் சொல்லித் தர வேண்டுமா? விடியற்காலை பெரட்டில் நின்று பெயர் கொடுத்தது நம் பாட்டனும் பாட்டியும். செக்ரோலில் ஓர் எண்ணாக இருந்தது நம் அப்பாவும் அம்மாவும். காண்டா வாளியைச் சுமந்து வந்து தராசின் முன் வரிசையில் நின்றவர்களும் அவர்கள்தாம். வேற்றுமை ஒன்றுதான். அமெரிக்காவில் சிலர் அந்தக் கருவிகளைச் செய்து விற்றார்கள். நாம் அந்தக் கருவிகளின் முன்னால் நின்றோம்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எத்தனை கிலோ என்று கிராணி கூப்பிட்டுச் சொன்னதை மறக்கவே மாட்டார். நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் கணக்கு ஆசிரியர் ஒரு வீட்டுப்பாடம் தந்தார். வீட்டில் நடக்கும் ஒரு கணக்கை ஒரு மாதத்துக்கு எழுதி வாருங்கள் என்றார். நான் அம்மாவின் பால் கணக்கை எழுதினேன். தினமும் மாலையில் "இன்னிக்கி எவ்வளவும்மா?" என்று கேட்டுப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசித் தாளில் தேதி போட்டுக் குறித்து வந்தேன்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் இரண்டு நாள் பால் கணக்கில் ஏறவே இல்லை. அம்மாவுக்குப் பயம். "வேணாம்டா, நாளைக்கி வேற நிரைக்கு மாத்திப்புடுவாங்க" என்றார். எங்கள் ஆசிரியர்தாம் அந்தத் தாளை அழகாகப் படியெடுக்கச் சொல்லி, அப்பாவிடம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். "விட்டுப்போச்சு" என்று சொன்னார்கள். அடுத்த மாதம் அந்தப் பணம் வந்தது. எந்தத் தோட்டம், யார் எழுதினார் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. உண்மையிலேயே மறதியாகவும் இருந்திருக்கலாம். எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான்: கணக்கு நிறுக்கிறவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது, நிறுத்துக் கொடுக்கிறவர் கையிலும் இருக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது செலவுக்கு மட்டுமல்ல, வரவுக்கும் பொருந்தும்.

வேலையிழந்த மனிதர் கட்டிய கம்பெனி

மீண்டும் அமெரிக்கா போவோம். 1914இல் இந்தக் கலவைக் கம்பெனியை நடத்த வந்தவர் தாமஸ் வாட்சன். 1874இல் நியூயார்க் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இளமையில் குதிரை வண்டியில் தையல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் விற்றார். ஒரு நாள் நல்ல விற்பனை. அந்த மகிழ்ச்சியில் சாராயக் கடைக்குள் போனார். குடித்துவிட்டு வெளியே வந்தால் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை, சாமானும் இல்லை. எல்லாம் களவு போய்விட்டன. வேலையும் போயிற்று என்று அவருடைய வரலாற்றில் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அவர் கம்பெனியில் குடிக்குக் கடுமையான தடை போட்டிருந்தார். பட்டவருக்குத்தான் தெரியும். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. நம் லயங்களில் இதே கதை பல வீடுகளில் உண்டு.

பிறகு அவர் கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரம் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்து உயர்ந்தார். போட்டியாளர்களை முறைகேடாக ஒழித்தார்கள் என்ற வழக்கில் 1913இல் அவருக்கும் முதலாளிக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1915இல் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனால் அதற்குள் முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார். நாற்பது வயதில், தலைக்கு மேல் வழக்கோடு, கையில் வேலை இல்லாமல் நின்ற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கட்டி எழுப்பியதுதான் ஐ.பி.எம். 1924இல் கம்பெனிக்கு 'இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ்' என்று பெயர் மாற்றினார். அதன் சுருக்கமே ஐ.பி.எம்.

அவர் எல்லா அலுவலகச் சுவர்களிலும் ஒரே ஒரு சொல்லை எழுதி மாட்டினார். 'திங்க்', அதாவது 'சிந்தி'. ஊழியர்களுக்குக் கம்பெனிக்குள்ளேயே பள்ளிக்கூடம் வைத்தார். 1933இல் எண்டிகாட் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு கட்டடம் கட்டினார். இயந்திரம் விற்கிறவனும் பழுது பார்க்கிறவனும் வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள்.

வியாபாரத்தில் அவர் கெட்டிக்காரர். இயந்திரத்தை விற்கமாட்டார்; மாத வாடகைக்கு விடுவார். அதற்கு வேண்டிய அட்டைகளைத் தம்மிடமே வாங்க வேண்டும் என்பார். ஓர் அட்டையின் விலை மிகச் சொற்பம். ஆனால் கோடிக்கணக்கில் செலவாகும். வாடகையும் வரும், அட்டைக் காசும் வரும். அட்டையைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது தவறு என்று 1936இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரிய கம்பெனியாக இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதற்கு இது சான்று.

1930களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாட்சன் மட்டும் தம் ஆலையை நிறுத்தாமல் இயந்திரங்களைச் செய்து கிடங்கில் அடுக்கினார். பலர் கேலி செய்தார்கள். 1935இல் அமெரிக்க அரசு தொழிலாளிகளுக்கு முதுமைக்கால ஓய்வுப்பணச் சட்டம் கொண்டுவந்தது. நம்முடைய சேமநிதி, சொக்சோ போன்றவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். திடீரென்று 2 கோடியே 60 இலட்சம் தொழிலாளிகளின் சம்பளக் கணக்கை ஆளுக்கு ஆள் பதிந்து வைக்க வேண்டும். அவ்வளவு இயந்திரம் தயாராக வைத்திருந்தவர் யார்? வாட்சன்தாம். அந்த வேலை ஐ.பி.எம்.முக்குக் கிடைத்தது. எண்ணும் இயந்திரம் ஏழைக்கு முதுமையில் சோறு போடவும் உதவும் என்பதை உலகம் கண்டது.

எண்ணிக்கையின் இருண்ட பக்கம்

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பரிசளிப்பு விழாவில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்லதை மட்டும் சொல்லிப் போவது ஆசிரியன் வேலை அல்ல என்பதால் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஐ.பி.எம்.முக்குத் துணைக் கம்பெனி ஒன்று இருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே அங்கே நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அந்தக் கம்பெனியின் அட்டைகளும் இயந்திரங்களும்தான் எண்ணின. ஒவ்வொருவரின் மதமும் அட்டையில் ஒரு துளை. 1939ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாட்டன் பாட்டிகளில் யூதர் யார் என்றும் கேட்டார்கள். பிறகு நடந்த கொடுமையில் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1937இல் ஹிட்லரின் அரசு வாட்சனுக்குப் பதக்கம் தந்தது, அவரும் வாங்கிக்கொண்டார். 1940இல்தான் அதைத் திருப்பி அனுப்பினார். இதைப் பற்றி 2001இல் எட்வின் பிளாக் என்பவர் ஒரு பெரிய நூலே எழுதினார். அமெரிக்காவில் இருந்த தலைமைக்கு இதில் எவ்வளவு பொறுப்பு என்பது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே அட்டை, ஒரே துளை, ஒரே ஊசி. ஒரு நாட்டில் அது முதியவருக்கு ஓய்வுப்பணம் கணக்கிட்டது. இன்னொரு நாட்டில் அண்டை வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலுக்குத் துணை போயிற்று. இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. தெரிய வேண்டியது மனிதனுக்கு.

அட்டை போய்க் கணினி வந்தது

போருக்குப் பிறகு மின்னணுக் காலம் பிறந்தது. மூத்த வாட்சனுக்கு அட்டைகள்மேல் அளவுகடந்த நம்பிக்கை. கணினி பக்கம் கம்பெனியை முழு மூச்சாகத் திருப்பியவர் அவர் மகன். அவர் பெயரும் தாமஸ் வாட்சன்தான். 1952இல் ஐ.பி.எம். தன் 701 கணினியை வெளியிட்டது. 1956இல் தகவலைச் சேமிக்கும் வன்தட்டைக் கொண்டுவந்தது. ஐம்பது தட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகள்தாம். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அந்த இடம் போதாது.

அக்காலத்தில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒரு கணினிக்கு எழுதிய கட்டளைகள் இன்னொரு கணினியில் ஓடாது. சிறிய கணினியை விட்டுப் பெரிய கணினிக்கு மாறினால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது போல! 1964 ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். 'சிஸ்டம் 360' என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். இதற்குச் செலவு 500 கோடி டாலர்; அந்த ஆண்டு கம்பெனிக்கு வந்த மொத்த வருமானத்தைவிட அதிகம். தோற்றிருந்தால் கம்பெனியே இருந்திருக்காது. வென்றது. 1969இல் மனிதன் நிலவில் இறங்கியபோது, ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் கணக்குப் போட்டவை இந்தக் குடும்பத்துக் கணினிகள்தாம்.

வங்கி அட்டையின் பின்புறம் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறதே, அதுவும் இந்தக் கம்பெனியில் பிறந்ததுதான். காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் எப்படி ஒட்டினாலும் சரிவரவில்லை. ஃபாரஸ்ட் பாரி என்ற பொறியாளர் வீட்டில் வந்து புலம்பினார். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, "இஸ்திரிப்பெட்டியை வைத்து ஒட்டிப் பாருங்களேன்" என்றார். ஒட்டிக்கொண்டது. பேரங்காடிப் பொருள்களில் உள்ள கறுப்புக் கோடுகளை உருவாக்கியவர் ஜார்ஜ் லாரர், அவரும் ஐ.பி.எம். ஊழியர். 1974 ஜூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு கடையில் முதன்முதலாக அந்தக் கோடுகளை வைத்து விற்கப்பட்ட பொருள் ஒரு பொட்டலம் சூயிங்கம்.

யானைக்கும் அடி சறுக்கும்

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். மேசைமேல் வைக்கும் சொந்தக் கணினியை வெளியிட்டது. விலை 1,565 டாலரிலிருந்து. ஓராண்டுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அதன் மூளையை இண்டெல் கம்பெனியிடமும், அதை இயக்கும் மென்பொருளை மைக்ரோசாப்ட் என்ற சின்னக் கம்பெனியிடமும் வாங்கிக்கொண்டார்கள். கணினி அமோகமாக விற்றது. ஆனால் அதே மூளையையும் அதே மென்பொருளையும் வாங்கிப் பிற கம்பெனிகளும் அதே மாதிரிக் கணினியைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின. பெட்டியில் ஐ.பி.எம். பெயர் இருந்தது, இலாபமோ மைக்ரோசாப்டுக்கும் இண்டெலுக்கும் போயிற்று. அடுத்தவன் அறிவை நம்பி நடத்தும் வியாபாரத்தில் மிஞ்சுவது பெயர்ப் பலகைதான்.

1992இல் ஏறக்குறைய 500 கோடி டாலர் நட்டம். 1993இல் 810 கோடி டாலர் நட்டம். இந்தக் கம்பெனியில் ஒருவர் சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை வேலை நிச்சயம் என்று அதுவரை ஊரே நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை உடைந்தது. 1980களின் நடுவில் 4 இலட்சத்தைத் தாண்டியிருந்த ஊழியர் தொகை 1994இல் 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்குக் குறைந்தது. தகப்பனும் மகனும் வேலை பார்த்த ஊர்களில் இரண்டு பேருக்கும் சீட்டு கிழிந்தது.

கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம் என்றும் திட்டம் போட்டார்கள். துண்டாடல் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். 1950களிலும் 60களிலும் இந்நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் பட்ட பாட்டையும், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதையையும் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஐ.பி.எம்.மில் அந்தத் துண்டாடலைத் தடுத்தவர் 1993 ஏப்ரலில் தலைவராக வந்த லூ கெர்ஸ்ட்னர். அவர் கணினித் துறைக்காரர் அல்லர்; பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற கம்பெனியை நடத்திவிட்டு வந்தவர். முன்பு ஐ.பி.எம்.மின் வாடிக்கையாளராகவும் இருந்தவர் என்பதால், வாங்குகிறவனுக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு பெட்டி விற்பதைவிட, எல்லாப் பெட்டிகளையும் சேர்த்து ஓடவைத்துத் தரும் சேவையே கம்பெனியின் பலம் என்று திருப்பினார். கம்பெனி பிழைத்தது. ஆனால் வேலை போன அத்தனை பேருக்கும் அந்த வேலை திரும்பி வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் எதையும் கட்டிக்கொண்டு அழவில்லை. தாங்கள் பெற்றெடுத்த சொந்தக் கணினித் தொழிலையே 2005இல் சீனாவின் லெனோவோவுக்கு 175 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். 2019இல் ரெட் ஹேட் என்ற மென்பொருள் கம்பெனியை 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2021இல் பிறருடைய கணினி அமைப்புகளை நிர்வகிக்கும் பெரும்பிரிவைக் கின்ட்ரில் என்று தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டார்கள். மென்பொருளும் ஆலோசனையும் வங்கிகளுக்கான பெருங்கணினிகளுமே இப்போது அவர்கள் தொழில். 2020இல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற அரவிந்த் கிருஷ்ணா ஆந்திரத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் ஒரு பகுதியை நீலகிரித் தேயிலை மலையில் உள்ள குன்னூரில் படித்தவர்.

அந்தத் தகப்பனாருக்கு என் பதில்

பெற்றோர்களே, இவ்வளவும் எதற்குச் சொன்னேன்? தராசு செய்தவன் அட்டைக்கு மாறினான். அட்டைக்காரன் கணினிக்கு மாறினான். கணினிக்காரன் அதையும் விற்றுவிட்டு வேறொன்றைக் கற்றான். நாமும் மாறித்தான் வந்திருக்கிறோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனையாகிற இடத்தில் லயம் காலியாகிறது. வேற்றுமை என்னவென்றால், மாற வேண்டிய நேரத்தை அவர்கள் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நமக்குப் பல நேரங்களில் நோட்டீஸ் வந்த பிறகே தெரிந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "மெசினே கணக்குப் போடும்போது எம் மவன் ஏன் படிக்கணும்?"

அண்ணே, மெசின் போடும். நன்றாகவே போடும். ஆனால் அது போட்ட கணக்கு சரியா என்று யார் பார்ப்பது? என் அம்மாவின் இரண்டு நாள் பாலை எந்தத் தராசும் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான் கண்டுபிடித்தன. இன்று சில தோட்டங்களில் செம்பனைக் குலையைக் கையடக்கக் கருவியில் பதிகிறார்கள். தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு வட்டியைக் கணினிதான் போடுகிறது. நீங்கள் போனில் என்ன பார்க்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதைக்கூட யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு நம்மை எண்ணியவரை நேரில் பார்த்தோம், பெயராவது தெரியும். இப்போது எண்ணுகிறவர் முகமே தெரியாது. அப்படியிருக்கும்போது கணக்கு முன்னைவிட அதிகமாகத் தெரிய வேண்டுமா, குறைவாகவா?

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பெற்றோருக்கு. சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று அவன் கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். அதைவிட நல்ல கணக்குப் பாடம் என்னிடம் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உழைத்த காசு.

இரண்டு, மாணவர்களுக்கு. நம் பள்ளிக் கணினி அறையில் விளையாட்டு மட்டும் விளையாடாதீர்கள். இது எப்படி வேலை செய்கிறது, ஏன் இப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். கேட்டால் எனக்குத் தெரியாமல் போகலாம். அப்போது இருவரும் சேர்ந்து தேடுவோம். ஹாலரித் ஒரு ரயில் டிக்கெட்டைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

மூன்று, நம் எல்லாருக்கும். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் கிராணியாகலாம், கணக்காளராகலாம், கணினிக்குக் கட்டளை எழுதுகிறவராகலாம். அப்போது அவர் எண்ணும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அந்த வரிசையில் தன் தாயும் ஒரு காலத்தில் வாளியோடு நின்றாள் என்பதை நினைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டிவிட்டான். இப்போது எட்டில் நிற்கிறான். இந்த ஆண்டு பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆனால் போன மாதம் அப்பாவின் குலைக் கணக்கை நோட்டில் எழுதி என்னிடம் காட்டினான். கூட்டலில் ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.